காவோலையும் குருத்தோலையும்

பேரப்பிள்ளைகளோடு இருந்து பெட்டி பின்னுகிறேன், பட்டம் கட்டுகிறேன் என்று சொன்னால், "உங்களுக்கென்ன அக்கா, நல்லாய்ப் பொழுது போகுது" என்று சிரிப்பவர்கள் உண்டு. பொழுது போவது உண்மைதான். அதில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியும் உண்மைதான். ஆனால், வீடு வாசலை விட்டு, ஆட்களையும் இழந்து வந்த எங்களைப் போன்ற பெண்களுக்கு, ஒரு சின்னப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து ஓலையை மேலும் கீழுமாக நுழைப்பதில் வேறு ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதும்படி சினேகிதி ஒருத்தி கேட்டாள். எழுதுகிறேன்.

நான் உரும்பிராயில் பிறந்தவள். வயது 72. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போன இலட்சக்கணக்கானோரில் நாங்களும் இருந்தோம். அடுத்த ஆண்டு வவுனியா வழியாகக் கொழும்பு. முதலில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை, பிறகு வாடகை வீடு. மகள் கலியாணம் முடித்த பின், இப்போது ஹெவ்லொக் டவுனில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் அவள் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் விறாந்தையில் நின்றால், முன்னர் வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் எழும்பிய ஹெவ்லொக் சிற்றி மாடங்கள் தெரியும். பனை மரம் ஒன்றும் தெரியாது.

எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். மூத்தவள் பெண், இளையவன் பெடியன். அவர்களோடு நான் கைவேலை செய்யத் தொடங்கியது 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக ஊரடங்குச் சட்டம் போட்டபோது. மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. "நாளைக்கும் ஊரடங்காம்" என்று ரீ.வியில் சொன்னதும் இரண்டும் கைதட்டித் துள்ளின. அவர்களுக்கு அது லீவு. எனக்கும் மகளுக்கும் அந்தச் சொல் காதில் விழும்போது வேறு ஏதோ செய்யும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தோம். ஒரே சொல்லுக்கு ஒரே வீட்டுக்குள் இரண்டு அர்த்தம்!

மூன்றாம் நாள் பிள்ளைகளின் துள்ளல் முடிந்துவிட்டது. அடைபட்ட வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழ்த்தட்டில் இருக்கும் சிங்கள அம்மா, என் வயதுதான் இருக்கும், முற்றத்துத் தென்னையிலிருந்து விழுந்த ஓலை ஒன்றைத் தூக்கி எறியக் கொண்டுபோனா. "எனக்குத் தாங்கோ" என்று வாங்கி வந்தேன். ஈர்க்கை வார்ந்து எடுத்தேன். ஓலையில் ஒரு காற்றாடி, ஒரு பாம்பு, ஒரு கைமணிக்கூடு, ஒரு பீப்பீ. என் கைக்கு எல்லாம் நினைவு இருந்தது. எத்தனையோ வருடம் தொடவில்லை. தலைக்கு மறந்ததைக் கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. சின்னவன் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, "அம்மம்மா, இப்ப எத்தினை மணி?" என்று அன்று முழுக்கக் கேட்டான். நானும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி சொன்னேன்.

அந்த வருடம் வெசாக் மே 7 ஆம் திகதி வந்தது. வழக்கமாக அந்த நாட்களில் இசிபதனாராமய விகாரைப் பக்கம் வெளிச்சமும் சனமுமாக இருக்கும். அந்த முறை எல்லோரும் வீட்டுக்குள். கீழ்வீட்டு அம்மா மூங்கில் கீலங்கள் கொஞ்சம் தந்து, வெசாக் கூடு கட்டுவது எப்படி என்று படிக்கட்டில் இடைவெளி விட்டு இருந்து காட்டினா. நான் பட்டம் கட்டிய அனுபவத்தில் முடிச்சுப் போடுவதைக் கண்டு, "உங்கட முடிச்சு நல்லது" என்றா. எங்கள் கூடு ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. அதனாலென்ன, தொங்கவிட்டோம்.

பனையோலை வந்தது ஊர் திறந்த பிறகு. உரும்பிராயில் இருக்கும் என் தங்கச்சி, யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டு விட்டாள். உள்ளே காயவைத்த சார்வோலை. பேப்பரைப் பிரித்ததும் வந்த மணத்தை நான் எப்படிச் சொல்வேன்! மூத்தவள் மூக்கைச் சுளித்து, "அம்மம்மா, இது புல்லு மாதிரி மணக்குது" என்றாள். எனக்கு அது என் அம்மாவின் மடி மாதிரி மணந்தது.

தெரியாதவர்களுக்காகச் செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடித்துப்போகும். கொஞ்ச நேரம் தண்ணீரில் நனைத்து, ஈரத் துணியால் சுற்றி வைக்க வேண்டும். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார வேண்டும். பிள்ளைகளுக்கு அரை அங்குலம் போதும். மெல்லிசாக வார்ந்து கொடுத்தால் அவர்களுக்கு எண்ணிக்கை பிசகிவிடும். இரண்டு நிறம் இருந்தால் எது மேலே எது கீழே என்று கண்ணுக்கே தெரியும். சாயம் போடுவதென்றால் கொதி தண்ணீரில் சாயத் தூளைக் கரைத்து ஓலையை அவிக்க வேண்டும். அது பெரியவர் வேலை, பிள்ளைகளை அடுப்படிக்கு விடாதீர்கள். கத்தியும் அப்படித்தான். முதலில் சதுரமாக ஒரு சின்னத் தடுக்கு. அது கை வந்தால் மூலை திருப்பிப் பெட்டி. மூலை திருப்பும் இடத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் அழும். நானும் அழுதிருக்கிறேன், என் அம்மா குட்டியும் இருக்கிறா.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பின்னல் சரிவராது. சின்னவனுக்குக் கிலுகிலுப்பைக்குள் போடச் சிறு கல்லுப் பொறுக்கும் வேலை கொடுத்தேன். அந்த வேலையை அவன் மிகவும் மதித்தான். ஒவ்வொரு கல்லையும் காதுக்குக் கிட்டக் குலுக்கிப் பார்ப்பான்.

என்னிடம் என் அம்மாவின் கொட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. இடுப்பில் செருகும் சின்னப் பெட்டி, காசும் வெற்றிலை பாக்கும் வைப்பது. 95 இல் வெளிக்கிடும்போது காணி உறுதியோடு அதையும் கைப்பையில் வைத்தேன். எதற்காக அதை எடுத்தேன் என்று இன்றும் தெரியாது. எத்தனையோ பெறுமதியான சாமான் வீட்டில் கிடந்தது. மூத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில தொடக்கம் எங்கை?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நானும் அவளும் இரண்டு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினோம். அடியில் ஒரு மூலையில் கண்டுபிடித்தோம். பிரிக்க மட்டும் நான் விடவில்லை. அவள் கொப்பியில் கட்டம் போட்டு, மேலுக்குப் போவதைக் கறுப்பாகவும் கீழே போவதை வெள்ளையாகவும் நிறந்தீட்டி எடுத்தாள். கணக்குப் பாடத்துக்குக் கூட அவள் அப்படி இருந்ததில்லை என்று மகள் சொன்னாள்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு இந்த ஓலை வேலை முழுக்கச் சம்மதமில்லை. தரம் 5 புலமைப்பரிசில் வருகிறது, சூம் வகுப்பு இருக்கிறது, வீடு முழுக்க ஈர்க்கு. அதெல்லாம் வாயால் சொல்லும் காரணம். உள்ளே இருந்தது வேறு. கை வேலை செய்யும்போது வாய் கதை சொல்லும். ஓலை என்றால் பனை, பனை என்றால் ஊர், ஊர் என்றால் பங்கருக்குத் தறித்த பனங்குற்றி. அங்கிருந்து கதை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். "பிள்ளையளுக்கு அதுகளை ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா. அதுகளாவது பயமில்லாமல் வளரட்டும்" என்று ஒரு நாள் குசினிக்குள் வைத்துச் சொன்னாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவளும் அந்தப் பாலத்தைப் பதின்மூன்று வயதில் கடந்தவள்தான்.

எனக்கு ஒரு மகனும் இருந்தான். இருக்கிறான் என்று எழுதுவதா, இருந்தான் என்று எழுதுவதா என்பது உங்களில் பலருக்கும் உள்ள பிரச்சினைதான். 2008 இல் ஒரு மாலை வேலையால் வீடு திரும்பவில்லை. அப்போது அவனுக்கு 26 வயது. அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வரவேற்பறையில் அவன் படம் இருக்கிறது, மாலை போடாமல். பிள்ளைகளுக்கு அது "மாமாவின் படம்". அதற்கு மேல் அவர்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

2021 தைப்பொங்கலுக்கு முதல் நாள் தோரணம் கட்ட இருந்தோம். கீழ்வீட்டு அம்மா தென்னங்குருத்து வெட்டித் தந்திருந்தா. அவர்கள் அதைக் 'கொக்கொல' என்பார்கள், அதில் அவர்கள் செய்யும் அலங்காரம் எங்களுடையதை விட மிக நுணுக்கமானது. எங்கள் பக்கத்தில் தோரணத்துக்குக் குருத்தோலையை மடித்து, கீறி, நுனியை நுழைத்து இழுத்துக் குருவி செய்வோம். மூத்தவள் நாலைந்து செய்து வைத்தாள். கயிற்றில் கோக்கும்போது ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"அப்பிடி இல்லைப் பிள்ளை. நல்ல காரியத்துக்குக் குருவியின்ரை தலை மேலை பாக்க வேணும்."

"கீழை பாத்தால்?"

"அது செத்தவீட்டுக்குக் கட்டுறது."

அவள் குருவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, படத்தைப் பாராமலே, "மாமாவுக்கு எந்தப் பக்கம் கட்டினனீங்கள்?" என்று கேட்டாள்.

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ படிவங்களில் நான் பதில் எழுதியிருக்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "ஒரு பக்கமும் கட்டேல்லை. மாமா எங்கை எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் வேலைக்குப் போனவர், திரும்பி வரேல்லை. நாங்கள் தேடிக்கொண்டு இருக்கிறம்" என்றேன். என் கை ஓலையை மடித்துக்கொண்டே இருந்தது. கை சும்மா இருந்திருந்தால் இவ்வளவும் என் வாயால் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"அப்ப அவருக்கு ஒண்டும் செய்யாமல் வைப்பம்" என்றாள் பிள்ளை. சின்னவன், "மாமாவுக்கு மணிக்கூடு செய்து வைப்பம், வரேக்கை கட்டலாம்" என்றான்.

மகள் கை துடைத்துக்கொண்டு வந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். கீழே இருந்து ஒரு ஓலையை எடுத்தாள். சின்ன வயதில் தமையன்தான் அவளுக்குக் குருவி செய்யக் காட்டிக் கொடுத்தவன். இரண்டு குருவி செய்து தந்துவிட்டு எழும்பிப் போனாள். அன்று ஒன்றும் பேசவில்லை. பிறகும் அவள் கருத்து மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "சொல்லாதேங்கோ" என்று அவள் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

சட்டம் கூட இந்தக் குருவிக்கு ஒரு பக்கம் தேடித்தான் பார்த்திருக்கிறது. 2016 இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பம், அவர் காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் எடுக்கலாம். பள்ளிக்கூட அனுமதி, வங்கி, காணி அலுவல்களுக்கு அது சிலருக்கு உதவியிருக்கிறது. எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு அது அவசியம். நான் இன்னும் எடுக்கவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி வீதியோரத்தில் இருக்கத் தொடங்கிய தாய்மாரில் பலரும், பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

எங்களுக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிலி நாட்டில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சந்தியாகோ நகரில் திருச்சபையின் ஆதரவோடு ஒன்றுகூடி, சாக்குத் துணியின் மேல் கந்தல் துணித் துண்டுகளைத் தைத்துப் படம் செய்தார்கள். 'அர்ப்பிலேரா' என்று அதற்குப் பெயர். வீடு, மலை, வாசலில் நிற்கும் பெண்கள், "எங்கே அவர்கள்?" என்ற கேள்வி, எல்லாம் துணியால். சிலர் காணாமற்போன பிள்ளையின் உடுப்பிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்களாம். அவை வெளிநாடுகளுக்குப் போய் விலைப்பட்டன, வயிற்றுப்பாட்டுக்கும் உதவின, உள்ளே நடப்பதையும் வெளியே சொல்லின. இதைக் கேள்விப்பட்ட மூத்தவள், மாமாவின் சேர்ட்டில் ஒரு துண்டு தரச் சொல்லிக் கேட்டாள். என்னிடம் மூன்று சேர்ட் இருக்கிறது. வெட்ட எனக்கு மனம் வரவில்லை, அதை அவளுக்கு அப்படியே சொன்னேன். ஆளுக்கு ஆள் மனம் வேறு. அவள் என் பழைய சேலை ஒன்றை எடுத்துத் துணிப் பொம்மை தைத்தாள்.

நமது நாட்டிலும் மட்டக்களப்பில், கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் யேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து 1996 இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், நிறந்தீட்டினார்கள், கதை கட்டினார்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று பிள்ளையை நெருக்காமல், கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பொறுத்திருப்பது அந்த வழி. அதை வீட்டிலும் செய்யலாம். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தாய் தகப்பனில்லாத பேரப்பிள்ளைகளைத் தனியே வளர்த்து எடுத்த அம்மம்மாமார், அப்பம்மாமார் எத்தனையோ பேர் இதை வாசிப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இராது. ஆனாலும் பிள்ளை இரவில் திடுக்கிட்டு எழும்புவது, சலம் போவது, ஒருவரோடும் பேசாமல் இருப்பது நெடுநாள் நீடித்தால், ஓலை மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2022 இல் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அப்போது எங்கள் வீட்டில் நான்தான் பெரிய ஆள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சிக்கன விளக்குக் கொளுத்தினோம். அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த கதையைக் கேட்டுச் சின்னவன் உருண்டு உருண்டு சிரித்தான். "உடுப்பு இனிக்குமோ அம்மம்மா?" அந்த நாளில் நாங்களும் சிரித்திருக்கிறோம், அதை நான் மறந்தே போயிருந்தேன். கஷ்டத்தை மட்டும் நினைவில் வைத்தால் அதற்குள் இருந்த சிரிப்பும் போய்விடுகிறது.

காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. வயதானவர்களைப் பார்த்து இளசுகள் நகைப்பதற்குச் சொல்வது, குருத்தோலையும் ஒரு நாள் காவோலையாகும் என்ற எச்சரிப்போடு. பனையைத் தெரிந்த எனக்கு அந்தப் பழமொழி முழுக்கச் சரியாகப் படவில்லை. காவோலை விழுந்த பிறகும் வேலிக்கும் அடுப்புக்கும் ஆகும். குருத்துச் சிரிக்கட்டுமே!

மூத்தவளுக்கு இப்போது பன்னிரண்டு கடந்துவிட்டது. கையில் ஓலையை விட ஃபோன்தான் கூட நேரம். அது அந்த வயதுக்கு இயல்பு என்று விட்டுவிட்டேன். கல்லுப் பொறுக்கியவன்தான் இப்போது பின்னுகிறான். அவனுக்குப் பொறுமை கூட. போன மாதம் நீத்துப்பெட்டி ஒன்று முடித்தான். கூர் ஒரு பக்கம் கோணல். ஆனாலும் அதில் புட்டு அவித்தோம், நன்றாகத்தான் அவிந்தது. இப்போது கடகம் பொத்தக் காட்டித் தரச் சொல்கிறான். கடகம் இரட்டைப் பின்னல், விளிம்புக்கு நார் வேண்டும், என் விரல்களுக்கு அந்த இழுப்பு இனி ஏலுமோ தெரியாது. தங்கச்சிக்கு அடித்துச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஓலையும் நாரும் போடுகிறாளாம். சிவப்புச் சாயம் மட்டும் இங்கே வாங்க வேண்டும்.